நாலு சக்கர வண்டிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

1

இந்தக் கதை 'டக்' என்ற ஒரு சத்தத்திலிருந்து வந்தது. போன மாதம் கல்லூரி நண்பர்களோடு மாரியூர் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஆட்களை ஏற்றி மணலில் சுற்றிக்காட்டும், தடித்த டயர் போட்ட நாலு சக்கர பைக் ஒன்று நின்றது. வண்டிக்காரர் பொத்தானை அழுத்தினார். டக். மறுபடி அழுத்தினார். டக். குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டியோடு ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சுண்டல் தின்றுவிட்டு வந்துவிட்டோம். நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: கடல் தன் நீல விரல்களால்

(விட்டுவிட்டேன். கடலுக்கு விரல் கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: காளிதாஸின் இதயமும் அந்த மோட்டாரும் ஒருசேர

(நண்பன் பிரபு இதோடு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். வண்டிக்காரன் பெயர் காளிதாஸ். தினமும் வண்டியைக் கடல் தண்ணீரில் கழுவினான். தண்ணீர்ப் பஞ்சத்துக் கடலாடிப் பக்கத்து ஆள். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றினால் அவன் வீட்டில் சோறு போடமாட்டார்கள். உப்பு ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் புகுந்து மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டையைத் தின்றது. மோட்டார் உட்காரும் இடமும் துருவேறிப் போனது.*

* தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்பவர்களுக்கு: இந்த வண்டி தள்ளினால் கிளம்பாது. கிளம்பினால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

3

யுவராணி மணல் ஊற்றில் நல்ல தண்ணீர் எடுக்க வருகிறவள். ஊற்று மெதுவாகத்தான் ஊறும். காத்திருக்கும் நேரமெல்லாம் காளிதாஸைக் கேலி செய்வாள். ஒரு தடவையாவது அந்த வண்டியைத் தானே ஓட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஓட்ட விடுகிறேன் என்று அவனும் சொல்லியிருந்தான். இன்று சாயங்கால பஸ்ஸில் அவள் திருப்பூருக்குப் போகிறாள், பனியன் கம்பெனி வேலைக்கு.

சாயல்குடியில் வாங்கிய புதுக் கார்பனோடு, காளிதாஸ் மோட்டாரைப் பிரித்துவைத்து உப்புத்தாளால் துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

"என்ன வண்டிக்காரரே, நான் பஸ்ஸேறுறதுக்குள்ள எந்திரிச்சிருமா ஒங்க குதிரை?"

"எந்திரிக்கும்."

[இதற்கடுத்து 'நீ போயித்தான் ஆகணுமா?' என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். அவன் அதைக் கேட்கிற ஆளில்லை.]

ஒரு மோட்டாரைப் பூட்ட இவ்வளவு நேரமா, ஒரே வரியில் முடித்துவிடேன் என்றான் பிரபு. முடிக்கலாம். ஆனால் மோட்டார் சரியானால் அவள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அதனால்தான் நான் இன்னும் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏலே, அந்தப் புள்ள போறதுல ஒனக்கு என்ன?" என்று என்னைக் கேட்டான் பிரபு.

இந்தக் கேள்விக்கு மூன்றாம் பகுதியில் இடமில்லை.

4

துரு போய்விட்டது, உப்பு போகவில்லை. யுவராணி தள்ளுவண்டியிலிருந்து ஒரு நிறைகுடத்தை இறக்கி, மோட்டார் உட்காரும் இடத்தில் ஊற்றினாள். முழுக்குடம்.

"ஏ, குடிக்கிற தண்ணி."

"தெரியும். இனிமே இதுலதான் கழுவணும். வந்து பாப்பேன்."

இந்தப் பக்கத்தில் ஒரு பெண் இதற்குமேல் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. காளிதாஸ் வெகுநேரம் துணியால் துடைத்தான். வெயிலில் காயவிட்டான். பிறகு மோட்டாரைப் பூட்டினான்.

5

முடிவு அ: வண்டி கிளம்புகிறது. அலையோரம் ஒரு சுற்று ஓட்டிச் சிரித்துவிட்டு, பஸ் ஏறுகிறாள். பிரபுவுக்குப் பிடித்தது இதுதான்.

முடிவு ஆ: டக். ஓட்டாமலே போகிறாள். ஆசை பாக்கி இருப்பவர்கள் திரும்பி வருவார்கள் என்று எழுதிவைத்தேன். திருப்பூர் போன யாரும் அதற்காக வந்ததாகத் தெரியவில்லை.

முடிவு இ: காளிதாஸ் அவளிடம்

இதற்குமேல் அவனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

யுவராணி சீட்டில் ஏறிவிட்டாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருக்கிறாள். கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது.

"அழுத்தவா?"

காளிதாஸ் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன். நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை. ஒரு குடம் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்பாமல் அவள் வீட்டுக்குப் போகமுடியாது. ஊற்று மெதுவாகத்தான் ஊறும். குடத்தை மோட்டாரடியில் ஊற்றும்போதே அது அவளுக்கும் தெரியும்.