தள்ளிக் கட்டிய சுவர்

…தப்பு என்றா சொன்னான், சூடாமணிக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, எழுபது வயதில் இவ்வளவு கூர்மையான காது மந்தைவெளியில் வேறு யாருக்கும் கிடையாது என்று தெருவே ஒப்புக்கொண்ட விஷயம், ஆனாலும் இன்னொரு தரம் சொல்லட்டும் என்று நறுக்கிக்கொண்டிருந்த புடலங்காயை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்தாள். அவள் வீட்டுக்கும் ஷஃபியுல்லா பாய் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவருக்குப் பக்கத்தில், மூன்று கால் ஸ்டாண்டில் மெஷினை நிறுத்தியிருந்த சக்திவேல் என்ற சர்வேயர், "செவுரு உங்கப்பா எடத்துக்குள்ள ஒன்றரை அடி தள்ளி கீது மேடம், அளவே தெரியாதவன் கட்டினா மாரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மேடம் என்றது ஃபிசாவை, பாயின் ஒரே பெண், பங்குனியில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டுப் போனவள், இப்போது வீட்டை விற்க வந்திருக்கிறாள், வாங்குகிறவர்களுக்கு எல்லையை அளந்து காட்ட வேண்டுமாம், பக்கத்து வீட்டுக்காரியும் கூட நிற்க வேண்டுமாம். நிற்கிறேன், அதற்கென்ன, யார் வீட்டு எல்லையிலும் நின்று பழகியவள்தானே சூடாமணி… ஆனால் அளவு தெரியாதவன் என்கிறானே, யாரை, வாழ்நாள் முழுக்க சர்க்கார் சர்வேயராக இருந்து பாதி மதராஸை அளந்த மனுஷனையா?

அந்த மனுஷனிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க அவள் பட்ட பாடு இருக்கிறதே. பெருங்குடியில் பங்காளிகள் அரிவாளோடு வந்துவிட்டார்களாமே பாய், நங்கநல்லூரில் மச்சினனே வேலியை நகர்த்திவிட்டானாமே பாய், என்று வாசலில் கோலம் போடுகிற சாக்கில் காத்திருந்து கேட்பாள், அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பேன்ட்டில் மாட்டிய கிளிப்பைக் கழற்றிக்கொண்டே, "அளந்தாச்சு மாமி" என்பார், அவ்வளவுதான், உள்ளே போய்விடுவார். ஊரில் உள்ள அண்ணன் தம்பிச் சண்டையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படித்தான் சோறு சாப்பிடுகிறான் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருக்கும். தன்னிடம் அந்தச் சரக்கு இருந்திருந்தால் லஸ் வரைக்கும் விநியோகம் பண்ணியிருப்பாளே. பேசாதவர்தானே தவிர, அக்கறை இல்லாதவர் இல்லை… அந்தப் பெருவெள்ள டிசம்பரில், இன்னும் மழையே வலுக்காதபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "மாமி, அரிசியை மாடிக்கு ஏத்திடுங்க, தண்ணி உங்க பக்கம்தான் மொதல்ல வரும்", மண் எந்தப் பக்கம் சரிகிறது என்பது அவர் காலுக்கே தெரியும் போலிருக்கிறது. ஏற்றினாள். வந்தது. எனக்கு அப்பவே மனசுல பட்டுது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டவள் சூடாமணி, அதைக் கேட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, லேசாகச் சிரித்தாரோ, இருக்கலாம், மீசைக்குள் என்ன நடந்தது என்று யார் கண்டார்கள்.

இந்தச் சுவர்… முதலில் சுவரே கிடையாதே, நாலு கம்பி ஓடுகிற ஒரு வேலி, அதில் அவள் புடவையும் பாயின் மனைவி அஃப்சருன்னிசாவின் துப்பட்டாவும் கலந்து காயும். அஃப்சருன்னிசா போனாள், இரண்டு வருஷம் கழித்து சூடாமணியின் வீட்டுக்காரரும் போனார், அந்த வருஷக் கடைசியில் பாய் கொத்தனாரோடு வந்து நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, நூல் கட்டினார், கடைக்கால் தோண்டினார், எழுப்பிவிட்டார். என் வாய்க்குப் பயந்துண்டு பாய் சுவர் வெச்சுட்டார் என்று அவளே தெருவில் சொல்லிச் சிரித்தாள், பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், ஏன் அழுதாள், அவர் யார் அவளுக்கு, பக்கத்து வீடு, அவ்வளவுதானே… துணையில்லாத இரண்டு பேர், நடுவில் நாலு கம்பி, ஊர் சும்மா இருக்குமா என்று நினைத்திருப்பார், ஊர் என்றால் யார், அந்த ஊருக்கே தலைவி சூடாமணிதான், அவளைப் பற்றி அவளே எப்படிப் பேசுவாள்? ஆனாலும் மனசு ஆறவில்லை. சுவரை ஒட்டி, வேலிக் காலத்திலிருந்தே கிடக்கும் தோய்க்கிற கல்லில் சாயங்காலம் உட்கார்ந்து போனில் அண்ணா நகர்த் தங்கையோடு ஊர்க்கதை பேசும்போதெல்லாம் வேண்டுமென்றே சத்தமாகப் பேசினாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும், காற்றுக்காக உட்காருகிறார் என்று நினைத்துக்கொள்வாள். காற்று அங்கே எப்போது வந்தது? கிழக்கே வாசல் இருக்க, வேப்ப நிழல் இருக்க, இந்தச் சுண்ணாம்புச் சுவரோரம் என்ன காற்று?

"கோடு கரெக்டா இந்தக் கல்லு மேல வர்து" என்று சக்திவேல் குனிந்து தோய்க்கிற கல்லின் நட்டநடுவில் விரலை வைத்தான். கல்லின் மேலா… அப்படியென்றால் எல்லையில் கட்டியிருந்தால் கல்லைப் பெயர்த்திருக்க வேண்டும். அவள் உட்கார இடம் போயிருக்கும். சூடாமணி கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்ததும் அது சுட்டது போல எழுந்தாள்.

எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் மூக்கில் வியர்த்தது போல அதற்குள் பக்கவாட்டுச் சந்தில் வந்து நின்றுவிட்டாள். "இன்னாக்கா, ஊரான் நெலத்தையெல்லாம் அளந்தாரு, சொந்தச் செவுத்துல கோட்ட வுட்டாரா சர்வேயரு?" என்றாள், குரலில் சர்க்கரை. சாயங்காலத்துக்குள் இஸ்திரி வண்டிவரை போய்விடும், போகும் வழியெல்லாம் சூடாமணிக்குத் தெரியும், அவள் போட்டுக் கொடுத்த வழிதானே அது. சர்வேயருக்கே அளவு தெரியலையாம்… செத்தவர் வந்து பதில் சொல்லவா போகிறார், இருந்தபோதே சொன்னதில்லை.

ஃபிசா மெதுவாக, "எனக்கு அந்த எடம் வேணாம் மாமி, உங்க பக்கமே இருக்கட்டும். ஆனா அப்பா தப்பா அளந்துட்டாருன்னு சொல்லாதீங்கன்னு இவர்கிட்ட சொல்லுங்க. அப்பா தப்பா அளப்பாரா?" என்றாள். கண் கலங்கியிருந்தது, அப்பாவின் அதே அடக்கம், கலங்கினாலும் வழியவில்லை.

"வேற இன்னான்னு சொல்றது மேடம்? ஒண்ணு தப்பா கட்டிகீறாரு, இல்லாங்காட்டி தெரிஞ்சே வுட்டிகீறாரு. தெரிஞ்சே எவன் நெலத்த வுடுவான், அதுவும் மந்தைவெளில?" சக்திவேல் எல்லைக் குறி போடப் பெயின்ட் டப்பாவைத் திறந்தான். "மாமி, நீங்க இன்னா சொல்றீங்க?"

என்ன சொல்வது… ஆமாம், தப்புதான், வயசாச்சு, கண் மங்கியிருக்கும் என்றால் முடிந்தது, தங்கபுஷ்பம் இரண்டு நாள் சிரிப்பாள், பிறகு மெட்ரோப் பள்ளத்தில் யாராவது விழுந்தால் அதற்குப் போய்விடுவாள். இல்லை என்றால், தெரிந்தே விட்டார் என்றால், அடுத்த கேள்வி யாருக்காக, அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை இந்தத் தெரு எப்படித் தாளித்துக் கொட்டும் என்பது சூடாமணியைவிட யாருக்குத் தெரியும். எழுபது வயதில். கடவுளே, அதுவும் அவரோடு சேர்த்து.

"தப்பெல்லாம் இல்லை" என்றாள். "தெரிஞ்சேதான் தள்ளிக் கட்டினார்."

"எதுக்குக்கா?" தங்கபுஷ்பம் சந்திலிருந்து இரண்டடி உள்ளே வந்துவிட்டாள்.

"நான் உட்கார்ற கல் இது. அது போகக்கூடாதுன்னு."

ஃபிசா அவளையே பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் செருப்பு பேசியது, சந்து வழியாகத் தெருவுக்கு, வழக்கத்தைவிட வேகமாக. போகட்டும், நன்றாகச் சொல்லட்டும், கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்றுதான் கவலையாக இருந்தது. கூச வேண்டாமா, கூசவில்லையே, இது என்ன இழவு… அவர் சொன்னாரா அவளிடம், இல்லை, ஜாடையாகக்கூட இல்லை, நிஜமாகவே நூல் பிசகியிருக்கலாம், கொத்தனார் சோம்பேறியாக இருந்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ சேதி இந்த வாயிலிருந்து புறப்பட்டுப் போயிருக்கிறது, அதில் ஒன்றாவது உண்மையாக இருக்கவேண்டுமே என்று இன்றுவரை அவள் தவித்ததில்லை.