மெழுகு வெளுக்கும் நேரம்

அந்த வருஷம் எங்கள் ஊரில் வானம் முகம் பார்த்துக்கொண்ட ஒரே இடம் என் அண்ணன் காரின் பானட். திருச்சுழிப் பக்கம் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. கரிசலில் கால் வைத்தால் வெடிப்புக்குள் செருப்பு போய்விடும். அப்படிப்பட்ட கோடையில், உள்ளங்கை அகலத்துக்கு நான் தேய்த்துவிட்ட கருப்பு வட்டத்துக்குள் ஒரு துண்டு மேகம் மெதுவாக நடந்து போனது. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். மேகம் போன பிறகும் நின்றேன். அடுப்படியிலிருந்து அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவே இல்லை.

அது எண்பத்தெட்டாம் வருஷம். அண்ணன் காளீஸ்வரன் விருதுநகரிலிருந்து ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி வந்திருந்தான். கல்யாண வாடகைக்கு ஓட்டலாம் என்று யோசனை. கார் கருப்பு. அதுவும் வெயில் தின்று சாம்பல் பூத்த கருப்பு. வந்தவன் போனவன் எல்லாம் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு ஒரே பாட்டைத்தான் பாடினான்.

"ஏலே காளி, நல்ல காரியத்துக்கு எவன்டா கருப்புக் காரைக் கூப்பிடுவான்? வெள்ளையடிச்சிருடா."

அண்ணன் எல்லோருக்கும் தலையை ஆட்டினான். அவனுக்கு யார் என்ன சொன்னாலும் சரிதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பாட்டை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். என் பெயர் தங்கலட்சுமி. தங்கமெல்லாம் பெயரோடு சரி, நான் நல்ல கருப்பு. அதுவரை என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கள் பஜ்ஜியைத் தின்று காப்பியைக் குடித்துவிட்டு, நிறம் கொஞ்சம் மட்டு என்று சொல்லியனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா சண்முகவடிவு என் முகத்தில் பவுடரை அப்பி அப்பி உட்கார வைப்பாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

"காருக்கு வெள்ளையடிக்க வேண்டாம்ணே. மெழுகு போட்டு நான் மினுக்கித் தாரேன்," என்றேன்.

"வெள்ளிக்கிழமை பந்தல்குடியிலருந்து ஒன்னையப் பாக்க வாராக. அவுக காரைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சாகன்னா, திங்கக்கிழமை பெயிண்டு பட்டறையில விட்டுருவேன். பெறகு அழக்கூடாது."

"அழ மாட்டேன்."

மனசுக்குள் நானாக ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். கார் கருப்பாகவே நின்றுவிட்டால் நானும் கருப்பாகவே நிற்பேன், இனிமேல் பவுடர் கிடையாது. கார் வெள்ளையாகிவிட்டால் நானும் வாயை மூடிக்கொண்டு சுண்ணாம்புக்கு முகத்தைக் காட்டிவிட வேண்டியதுதான்.

பஸ் ஏறி அருப்புக்கோட்டை போனேன். தனுஷ்கோடி அண்ணாச்சியின் மோட்டார் சாமான் கடையில் பாட்டிலில் வெள்ளைத் தண்ணி மாதிரி ஒன்றை முதலில் எடுத்து வைத்தார். தடவினால் உடனே பளபளக்குமாம், பத்து நாளில் போய்விடுமாம். அடுத்து காம்பவுண்டு என்று செங்கல் நிறத்தில் ஒரு பசை. அது செத்த பெயிண்டை உரித்து எடுத்துவிடும். கடைசியில் ஒரு தட்டை டப்பா. மூடியைத் திறந்தால் மஞ்சள் மெழுகு, கோயில் பிரகாரத்தில் நிற்கிற மாதிரி ஒரு வாசனை. நான் மூன்றையும் மோந்து பார்த்தேன்.

"இது என்ன சாம்பாரா தாயி, மோந்து பாத்து வாங்க?" என்று அண்ணாச்சி சிரித்தார்.

"இந்த டப்பாவே இருக்கட்டும் அண்ணாச்சி."

"முதல்ல காம்பவுண்டப் போட்டு உரிச்சிட்டுத்தான் இது. கை விட்டுப் போகும், பாத்துக்கோ. நிழல்ல வச்சுப் போடணும். கொஞ்சங்கொஞ்சமாத்தான் தடவணும். தடவுனது லேசா வெளுத்து வரும், அப்பவே தொடச்சிரணும். விட்டேன்னா கல்லாப் போயிரும்."

அன்று சாயங்காலமே பானட்டின் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். மேகம் நடந்தது அதில்தான்.

அந்த வாரம் முழுக்க நான் இந்த உலகத்தில் இல்லை. காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, பழைய வேட்டித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். மெழுகு பனிபோல வெளுக்கும். துடைத்தால் அந்த வெள்ளைக்குக் கீழே இருந்து முன்னைவிட ஆழமான கருப்பு எழுந்து வரும். கதவில் எங்கள் வீட்டு ஆடு தெரிந்தது. டிக்கியில் மரம் தலைகீழாக நின்று இலையை ஆட்டியது. கருப்புக்குள் எல்லாமே பக்கத்தில் வந்து நின்றன, எல்லாமே அழகாக இருந்தன. கை வலித்ததா என்றால், ராத்திரி சோற்றைப் பிசையும்போதுதான் தெரியும்.

பானட்டை மட்டும் வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்தேன். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதானே. காலையில் ஆசை மிஞ்சிப்போய், அண்ணாச்சி சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு, பானட் முழுக்க ஒரே தடவையில் மெழுகை அப்பிவிட்டேன். அது வெளுக்க ஆரம்பித்த நேரத்தில் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏடி, ராகு காலம் பொறந்திருச்சு. கைய எடு."

மற்ற வீடுகளில் ராகு காலத்தில் எதையும் தொடங்கத்தான் மாட்டார்கள். எங்கள் அம்மா முடிக்கவும் விடமாட்டாள். அரைகுறையாக நிற்கிற வேலையை அந்த நேரத்தில் முடித்தால் அத்தோடு எல்லாமே முடிந்துவிடுமாம். பெண் பார்க்கிற நாளில் அவளோடு யார் வாதாடுவது? தரதரவென்று உள்ளே இழுத்துப் போய் முகத்துக்குப் பவுடர் போட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்து நிழல் பானட்டை விட்டு மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தது. உச்சி வெயில் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

ராகு காலம் முடிந்ததும் அவர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை உக்கிரபாண்டிக்குப் பந்தல்குடியில் ரோட்டோரம் டயர்க் கடை. பேர்தான் உக்கிரம், ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் அம்மா கருத்தம்மாள்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்னைவிட ஒரு படி கருப்பு. அந்த அம்மாளே பக்கத்திலிருந்தவளிடம், "நெறம் மட்டுதான், இல்ல?" என்றது என் காதில் விழுந்தது.

காப்பித் தட்டை வைத்துவிட்டு அடுப்படி வழியாக வெளியே வந்துவிட்டேன். கார் நின்ற கோலத்தைப் பார்த்ததும் கிட்டே ஓடினேன். பானட் முழுக்க வெள்ளைத் திட்டு, காய்ந்து கல்லாகி, பவுடர் போட்ட என் மூஞ்சி மாதிரியே இருந்தது. துணியால் தேய்த்தேன். அசையவில்லை. நகத்தால் சுரண்டினேன். அதற்கும் மசியவில்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"வெள்ளைதானே வேணும் எல்லாருக்கும்? இந்தா, இன்னும் வெள்ளையாகித் தொலை!"

டப்பாவில் மிச்சமிருந்த மெழுகை எல்லாம் அள்ளி அந்தத் திட்டுகளின் மேலேயே அறைந்து தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கைக்கடியில் என்னவோ இளகியது. புது மெழுகு பட்டதும் காய்ந்துபோன பழைய மெழுகு கரைந்து அதோடு சேர்ந்துகொண்டது. சட்டென்று துணியை எடுத்துத் துடைத்தேன். கருப்பு வந்தது.

கை கழுவத் தொட்டிப் பக்கம் வந்த உக்கிரபாண்டி அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். கொடியில் கிடந்த இன்னொரு வேட்டித் துண்டை எடுத்துவந்து பானட்டின் அந்தப் பக்கம் நின்றுகொண்டான்.

"தடவிக்கிட்டே வாங்க. நான் தொடைக்கேன்," என்றான்.

நான் தடவினேன், அவன் துடைத்தான். வெயில் எங்கோ தூரத்தில் அடிப்பதுபோல இருந்தது. கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, அதற்குள் முதலில் வேப்பங்கிளை வந்தது, அப்புறம் ஒரு காக்கை, அப்புறம் அவன் முகம், அப்புறம் என் முகம். என் முகத்தில் வியர்வை வழிந்து பவுடர் கோடு கோடாகக் கிடந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். நிமிர்ந்தபோது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பத்தான் ஆளு தெரியுது," என்றான்.

எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதை மறைப்பானேன்? அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

அதற்குள் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். கருத்தம்மாள் தூரத்தில் நின்றே காரைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தாள்.

"பொண்ணு நெறம் போனாப் போகுது. கல்யாணத்துக்குள்ள காருக்கு மட்டும் வெள்ளையடிச்சிருங்க. கருப்புல ஏறி வந்தா எங்க சனம் சிரிக்கும்."

அண்ணன் வழக்கம்போலத் தலையை ஆட்டினான். "திங்கக்கிழமையே விட்டுர்றேன் அத்தே."

"அந்தக் கார் வெள்ளையாச்சுன்னா நான் ஏற மாட்டேன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கிடைத்தவனை நானே துரத்திவிட்டேனே என்று தோன்றியது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க எனக்கு மனசில்லை. கருத்தம்மாளின் முகம் இறுகிப்போனது.

"யம்மா," என்றான் உக்கிரபாண்டி. "இங்கிட்டு வந்து ஒரு தடவை குனிஞ்சு பாரு."

"என்னத்தடா பாக்க?"

"வாயேன்."

முணுமுணுத்துக்கொண்டே வந்து பானட்டின் மேல் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் வானம் முழுக்க அதில் கிடந்தது. அந்த வானத்துக்கு நடுவில் அவள் முகம், காதில் தோடு மின்ன, நெற்றியில் குங்குமம் எரிய, அசையாமல் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தோம். அவள் திட்டவில்லை. கலைந்திருந்த முடியை மெல்ல ஒதுக்கிக்கொண்டாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "நல்லாத்தான இருக்கேன்," என்றாள்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. என் கையில் இருந்த காலி டப்பாவைப் பார்த்தாள், பவுடர் போன என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏத்தா, கல்யாணத்தன்னைக்கும் இப்பிடியே தெரியுமா?"

"தெரியும் அத்தே. நான் தொடைச்சு வைப்பேன்."

அண்ணன் அதற்கும் தலையை ஆட்டினான். திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய் இன்னொரு டப்பா வாங்கி வந்தேன்.