ஹேமலதாவின் முத்திரை

என் அக்கா ஹேமலதா அடுப்படியில் முணுமுணுத்தபடி கட்டிய கீர்த்தனைகளையெல்லாம் அவள் கணவர் சோமயாஜுலு, என் பாவா, தன்னுடையதென்றே பாடிவந்தார். கடைசி வரியில் இயற்றியவர் பெயர் முத்திரையாக வரும். அந்த இடத்தில் ஒவ்வொரு பாட்டிலும் 'சோமேசன்' என்று தன்னைச் செருகிக்கொண்டார். ராஜமகேந்திரவரமே அவரை வாக்கேயக்காரர் என்று தலையில் தூக்கிவைத்து ஆடியது. அக்கா வாயே திறக்கவில்லை. அவளை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும், அழுகை அப்புறம்தான்.

நோயில் படுத்தபின் கட்டிய ஒரே ஒரு பாட்டில் மட்டும் தன் பெயரை வைத்தாள். எனக்கும் பாவாவுக்கும் பாடிக் காட்டினாள். அடுத்த மாதம் போய்விட்டாள்.

ஸ்ரீராமநவமிப் பந்தலில் அந்தப் பாட்டைத்தான் புதுக் கீர்த்தனை என்று பாவா பாடவிருந்தார். பக்கத்தில் என் வயலின். மேடை ஏறுமுன், இதிலாவது அவள் பெயர் இருக்கட்டும் என்று கெஞ்சினேன். பானகத்தை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சிரித்தார். மச்சினியான என்னை அம்மாயி, அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார்.

"செத்தவளுக்குப் பேரு எதுக்கு அம்மாயி? நீ வில்லை ஒழுங்கா இழு, போதும்."

பல்லவி அமர்க்களமாகப் போயிற்று. கடைசி வரி வந்தது. 'சோமே' என்று எடுத்தார். என் வில் நின்றது. மிருதங்கக்காரர் தடுமாறி அவரும் நிறுத்தினார். பாவா என்னை முறைத்துவிட்டு மறுபடி எடுத்தார். வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. பந்தலில் எதுவுமே கேட்கவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அவர் கண் குத்திட்டு நின்றது. அங்கே ஒரு பாய் காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டம் முண்டியடித்தும் அதில் யாரும் உட்காரவில்லை.

மூன்றாம் முறை 'ஹேமலதா' என்று பாடினார். தொண்டை கணீரென்று திறந்தது. மிருதங்கம், தம்புரா, குழந்தைகளின் அழுகை எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தன. யார் அந்த ஹேமலதா என்று முன்வரிசை வக்கீல் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பாடுகிறவருடைய சம்சாரம் என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கச்சேரி முடிந்து பந்தலுக்குப் பின்னால் பாவா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பாயில உன் அக்கா தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, அம்மாயி. என் பேரை எடுத்ததும் கையை நிறுத்திட்டா. ரெண்டு தடவையும்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் முதுகு சில்லிட்டது. முதல் தடவை வில்லை நிறுத்தியது நான்தான், கோபத்தில், வேண்டுமென்றே. இரண்டாம் தடவை நான் நிறுத்தவில்லை. வில் கம்பிமேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஓசைதான் வரவில்லை.