அப்பாவின் சந்தாப் பாக்கி

முந்நூற்று எண்பத்தாறு ரூபாயும் சில்லறை ஐம்பது காசும். ஆலையில் கொதிகலனுக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்த அப்பா, சபைக்குச் சந்தா பாக்கி வைத்துவிட்டுச் செத்துப்போன தொகை அவ்வளவுதான். ஆலை மூடிக் கிடந்த வருடங்களில் சேர்ந்தது. அதற்காகக் கமிட்டி கூடிப் பதிவேட்டில் அவர் பெயரை அடித்தது. பெயர் இல்லாதவருக்கு மணி அடிப்பதில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்றது. நகராட்சி இடுகாட்டில், ஜெபம் சொல்ல ஆளில்லாமல், ஈர மண்ணில் அவரை இறக்கியபோது மூத்தவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. இளையவன் அரைக்கால் சட்டையோடு நின்று, யாரும் சொல்லாத ஜெபத்தைத் தானே வாய்க்குள் முணுமுணுத்தான். கோழிக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்து அம்மாவிடம் அடி வாங்கின பயல் அவன். வீட்டில் 'குட்டிப் பாதிரி' என்றே கூப்பிடுவார்கள். அந்தக் குட்டிப் பாதிரிதான் நாளைக் காலை பேராயராக அபிஷேகம் பெறப்போகிறான்.

அவன் அபிஷேகம் பெறட்டும், மூத்தவனுக்குச் சந்தோஷம்தான். அவனை வேதக் கல்லூரியில் படிக்கவைத்ததே, கலவைச் சட்டி சுமந்து காய்ப்பு ஏறிய இந்தத் தோள்தானே. சிக்கல் அம்மாவிடம் இருந்தது. பத்து நாளாகப் பிடித்த பிடியை விடவில்லை.

"உங்க அப்பா பேரு அடிபட்டே கிடக்கும், நான் மட்டும் போயி முன்வரிசையில யாரு பொண்டாட்டின்னு உட்கார்றது? பாக்கியக் கட்டி அவரு பேர்ல ரசீது வாங்கிட்டு வா. அப்புறம் கார்ல ஏறுறேன்."

அரைநாள் கூலியை விட்டுவிட்டு மூத்தவன் சபை அலுவலகத்துக்கு வந்தான். மேசை முழுக்க அபிஷேகச் சிறப்பு மலர் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது, அச்சு மை வாசம் போகாமல். பொருளாளர் ஒரு பிரதியை எடுத்து, 'குடும்பப் பின்னணி' என்ற பக்கத்தை விரித்துக் கொடுத்தார். தாடி நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்ந்தான். பேராயர் பக்தியில் சிறந்த குடும்பத்தில் உதித்தவராம். தந்தையார் இச்சபையின் தூண்களில் ஒருவராம்.

"தூணுன்னு போட்டிருக்கீங்க. அந்தத் தூணை வெளிய கொண்டுபோய்ப் புதைக்க வெச்சதையும் ஒரு வரி போட்டிருக்கலாம்."

"பழசெல்லாம் எதுக்குண்ணே. இப்ப நீங்க பேராயரோட அண்ணன்."

"அதான் கட்ட வந்திருக்கேன். வாங்கிட்டு ரசீது போடுங்க. வட்டி வேணும்னாலும் சேர்த்துக்குங்க."

"சபை வட்டி வாங்காதுண்ணே."

"செத்த ஆளையே வாங்கல. வட்டியையா வாங்கப் போகுது."

பொருளாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியது. "பேராயர் தேர்தல்ல தோத்த கோஷ்டி வக்கீல் வீட்டுலயே குடியிருக்கு. இன்னைக்குத் தேதியில நான் ரசீது கிழிச்சா, பேராயரோட அப்பா நேத்துவரைக்கும் நீக்கப்பட்டவருன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"நிஜந்தானே அது."

"நிஜந்தான். அதுக்குத்தானே பயப்படுறேன்."

மேலே பேச்சு வளராமல், அவரே இளையவனின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினார். அந்தப் பக்கம் பாடகர் குழு ஒத்திகை பார்ப்பது கேட்டது.

"அண்ணே, தள்ளுபடி பண்ணச் சொல்லி நேத்தே சொல்லிட்டேன். நீ வீட்டுக்குப் போ."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரைக் கேக்கணும்? எனக்கும் அப்பாதானே?"

"கட்ட வக்கில்லாதவனுக்குத் தள்ளுபடி பண்ணலாம்டா. என் பையில காசு இருக்கு."

பாட்டுச் சத்தம் தள்ளிப்போனது. "நாளைக்கு ஒரு நாள் மட்டும்ணே. எப்படியாச்சும் அம்மாவக் கூட்டிட்டு வந்துரு. அம்மா இல்லாம நான் எப்படி முழங்கால் போடுவேன்."

விடுதிக் கட்டணத்துக்குப் பணம் கேட்கும்போதும் இதே குரல்தான். அன்றைக்கும் இந்தக் குரலிடம் அவனுக்கு மறுத்துப் பேச வாய் வந்ததில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தான்.

பொருளாளர் பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கி, தூசி தட்டி, அளவுகோலை வைத்தார். அப்பாவின் பெயர் மேல் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. இப்போது தொகையின் மேல் இழுத்த கோடு நீண்டுபோய் அந்தப் பெயரையும் இன்னொரு முறை அடித்தது. ஓரத்தில் 'தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு சட்டி கலவையைக் கொட்டிப் பரப்பும் நேரம்கூட ஆகவில்லை.

"பேரைத் திரும்ப எழுதலியே?"

"அதுக்குக் கமிட்டி கூடணும்ணே. அபிஷேகம் நல்லபடியா முடியட்டும்."

பேருந்தில் நின்றுகொண்டே வந்தான். மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டிருக்கலாம்; மலரைக் கிழித்துப் போட்டிருக்கலாம்; பணத்தை வைத்துவிட்டு எழுந்தாவது வந்திருக்கலாம். எல்லாம் இறங்கும் இடம் வந்த பிறகுதான் தோன்றியது.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இளையவன் அனுப்பியிருந்த புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார் கொஞ்சம் இறுக்கம். மூத்தவனைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"ரசீது?"

"பாக்கியே இல்லைன்னு எழுதிட்டாங்கம்மா. தள்ளுபடி."

"யாரு சொல்லி?"

அவன் வியர்வையில் நமத்துப்போன நோட்டுகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை எண்ணவில்லை. மடியில் போட்டுக்கொண்டு, குனிந்து, இடது காலின் வாரைக் கழற்றினாள்.

"கார் எத்தன மணிக்குன்னு சொன்னான்?" நிமிராமலே கேட்டாள்.

"ஏழுக்கு."

அவள் கை வலது காலுக்குப் போனது. வாரைப் பிடித்தது. கழற்றவும் இல்லை, விடவும் இல்லை.