தெரசம்மாளின் கட்டுப்பல்

தெரசம்மாளின் மேல் முன்பற்களில் மூன்று கட்டுப்பல் என்பது சூரமங்கலம் ரயில்வே லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்த சங்கதி. யாருக்கும் தெரியாதென்று பதினோரு வருஷமாக நம்பி வந்தவர் அவர் ஒருவர்தான். ரயில் கார்டு பாக்கியநாதனின் சம்சாரம். கோயிலில் முதல் வரிசை. அடுத்த வீட்டுப் பெண்களின் குறை பேசுவதிலும் அதே வரிசை.

தவக்காலத்துக்கு முந்தின வாரம் முறுக்கைக் கடித்ததில் ஒரு பல் தெறித்துத் தொலைந்தது, கம்பியும் வளைந்தது. முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார். பல் கட்டும் கைலாசம் தகர டப்பாவைக் கவிழ்த்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தான்.

"சீமைப் பல்லு இல்லீங்க, நெசப் பல்லு. உங்களுக்குன்னே கெடந்தாப்புல இருக்குது."

"யாரு பல்லுடா இது?"

"கேட்டு வாரதுக்கு யாரும் இல்லீங்க," என்று கம்பியை முறுக்கினான்.

அன்று மாலையே ஒரு கூச்சம். கம்பி இறுக்கம் என்று நினைத்தார். மூன்றாம் நாள் தாடை சும்மா இருக்க, அந்தப் பல் மட்டும் கொறிக்க ஆரம்பித்தது. எலி நெல்லைக் கொறிப்பதுபோல, நிதானமாக. விரலை வைத்தால் அசைவில்லை. விரலை எடுத்தால் கறுக், கறுக்.

மறுபடி போனதற்குக் கைலாசம் அரத்தால் லேசாக ராவிவிட்டு, "புதுசுல அப்படித்தானுங்க, போகப்போகப் பழகிக்கும்" என்றான்.

"எது பழகிக்கும்? நானா, அதுவா?"

கொறித்துத் தொலையட்டும் என்று விடலாம். ஆனால் பூசையில் நன்மை வாங்கும்போது, ஆண்டவரின் உடலென்று சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தில் பல் படக்கூடாது. நாக்கிலேயே கரைய வேண்டும். "ஆண்டவரையே கடிப்பியா?" என்று ஞானோபதேசப் பிள்ளைகளின் தலையில் குட்டியதும் இந்தத் தெரசம்மாள்தான். பல்லைக் கழற்றிவிட்டுப் போகலாமென்றால் ஊர் பார்க்கும். எனவே தவக்காலத்து ஆறு ஞாயிறும் நன்மை வாங்க இடத்தை விட்டு எழவில்லை.

எங்கள் லைனுக்கு அது போதாதா? நன்மைக்கு எழாதவள் ஏதோ பாவத்தை ஒளிக்கிறாள் என்றுதான் கணக்கு. எதிர்வீட்டு ஞானமேரி நேரிலேயே கேட்டாள்: "ஏனுங்கக்கா, ஒடம்புக்கு முடியலீங்களா, இல்ல மனசுக்கா? சின்னப் பாவம்னா ஒரே வாரத்துல சாமியார்கிட்ட சொல்லித் தீர்த்துடலாமுங்களே!"

ஈஸ்டருக்கும் நன்மை வாங்காவிட்டால் சொந்தக் கணவனே சந்தேகிப்பான். மானமா, மோட்சமா என்று யோசித்து, ஈஸ்டர் காலையில் கட்டுப்பல்லை வீட்டிலேயே தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பினார்.

கோயிலில் நன்மைக்கு முழங்காலிட்டு வாயைத் திறந்தார். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த ஞானமேரிக்குப் பொக்கை தெரிந்தது. அவள் முகத்தில் அப்படியொரு பண்டிகைக் களை. தெரசம்மாள் அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. அப்பம் நாக்கில் படிந்தது. கண்ணை மூடினார். இத்தனை நாள் பாரம் இறங்கியது.

அப்போது, பல்லே இல்லாத இடத்தில் சில்லென்று ஒரு கூச்சம். மேலிருந்து ஏதோ மெல்ல இறங்கி அப்பத்தின் ஓரத்தைத் தொட்டது.

கறுக்.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் ஓடினார். "சாமி, நான் ஆண்டவரைக் கடிச்சுட்டேன்."

நாற்பது நாள் உபவாசத்தில் களைத்திருந்தவர் அலுப்போடு கேட்டார்: "எதால கடிச்சீங்க?"

தெரசம்மாள் வாயை அகலத் திறந்து காட்டினார். சாமியார் குனிந்து பார்த்தார். முன்னால் வெறும் ஈறு. அவர் உதட்டில் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. தாடை அசையாமல், வாய் திறந்தபடியே நின்ற தெரசம்மாள் அவர் முகம் வெளிறுவதைப் பார்த்தார். அவருக்கும் கேட்கிறது என்று புரிந்தது.