சிவப்பு நூல் கட்டிய கொடி

துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'லேபிள்'. செடியின் காலடியில் பெயர் எழுதிய தகரச் சீட்டு இருந்தால் போதும், மூலிகையைப் பற்றி அவரைப் போலப் பேச ஆள் கிடையாது. சீட்டைப் பிடுங்கிவிட்டால் தும்பைக்கும் துளசிக்கும் வித்தியாசம் தெரியாமல் விழிப்பார். இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவர் இப்படியா என்று என்னைக் கேட்காதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே ஏட்டில் சுரைக்காய் வரைகிறவனுக்குப் பெரிய நாற்காலியாகப் பார்த்துப் போடுகிற உலகம் இது.

அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி எப்போதும் அவள் நிற்பாள். பதிவேட்டில் தற்காலிக விரிவுரையாளர், பிள்ளைகளின் வாயில் 'டெம்பரரி மிஸ்'. அந்தத் தற்காலிகம் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. விருந்தினர் வரும்போது தலைவர் முன்னால் நடப்பார். சீட்டு மங்கிப்போன செடி எதிர்ப்பட்டால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலைச் சொடுக்குவார். அவள் மெல்லப் பெயரைச் சொல்வாள், அவர் அதையே உரக்கச் சொல்வார். வந்தவர்கள் அவரைப் பார்த்துக் கைதட்டுவார்கள்.

உயிர் அறிவியல் துறையின் பின்புறம் ஒரு காலத்தில் உடைந்த மேசைகளும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிச் சில்லுகளும் கொட்டிக் கிடந்த இடம். அதைக் கையால் பொறுக்கிச் சுத்தம் செய்து நூற்று நாற்பத்து மூன்று மூலிகைகளை வளர்த்தவள் அவள்தான். எது எந்த மாதம் பூக்கும், எதன் வேர் எந்த மழைக்கு அழுகும், எல்லாம் வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

போன வருடம் தலைவர் அவளைக் கூப்பிட்டார். "நிரந்தரப் பணியிடம் ஒண்ணு வருதும்மா. உன் பேருதான் முதல்ல இருக்கு. கையில ஒரு புத்தகம் இருந்தா யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நம்ம தோட்டத்தைப் பத்தி எழுதிக் குடு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

நம்பி எழுதிக் கொடுத்தாள். அவரும் பார்த்துக்கொண்டார். பணியிடம் அவருடைய அக்கா மகனுக்குப் போனது. புத்தகம் அச்சாகி வந்தபோது அட்டையில் மாமன் பெயரும் மருமகன் பெயரும் ஜோடியாக இருந்தன. அவள் தன் பெயரைத் தேடிக் கடைசிப் பக்கம்வரை போனாள். அங்கே, 'தண்ணீர் ஊற்றியும் களை பறித்தும் உதவிய பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. எந்தப் பணியாளர் என்றுகூட இல்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"செடி வளர்க்கிறது வேற, புத்தகம் எழுதுறது வேற," என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "தற்காலிகம் எழுதினதுன்னு போட்டா எவன் மதிப்பான்? இனிமே தோட்டத்தை என் மருமகன் பாத்துப்பான். சாவியை அவன்கிட்ட குடுத்திடு. நீ கண்ணாடிச் சாமான் அறையைப் பாத்துக்க."

அடுப்பில் வைத்த பால்போல அவளுக்குள் கோபம் பொங்கியது. பொங்கி வழிந்துவிடாமல் அடக்கிக்கொண்டதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

இந்த இடத்தில் அவளுடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏதாவது செடிக்கு உடம்பு சரியில்லை என்றால் அதைத் தொட்டிக்கு மாற்றிப் பின்கொட்டகையில் வைத்துத் தேற்றுவாள். அதுவரை மண்ணோ பந்தலோ வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று கையில் கிடைத்த வேறொரு செடியை அங்கே நட்டு, அதன் காலில் சிவப்பு நூல் கட்டிவிடுவாள். நூல் கட்டியது பதிலாள். பெயர்ச்சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "என்னை மாதிரி டெம்பரரி," என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சாவி கொடுக்கப் போன அன்று தோட்டத்தில் ஆறு பதிலாள்கள் நின்றன. பந்தலில் படர்ந்திருந்த கொடி அதில் ஒன்று. சிறுகுறிஞ்சானுக்கு வேர் அழுகி, அது கொட்டகையில் தொட்டியில் இருந்தது. அதன் இடத்தில் நஞ்சறுப்பான் ஏறியிருந்தது. இரண்டும் ஒரே குடும்பம், இலையும் ஏறக்குறைய ஒரே சாயல். ஆனால் சிறுகுறிஞ்சான் நாக்கின் இனிப்பைத்தான் கொல்லும். நஞ்சறுப்பானோ குடலைப் புரட்டி உள்ளே போனதையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும்.

"தம்பி, இந்த ஆறு செடியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள்.

மருமகப்பிள்ளை செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புத்தகம் எழுதினவனுக்கே செடியைப் பத்திச் சொல்லித் தரீங்களாக்கா? சாவியை அங்க வச்சிட்டுப் போங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த நிமிடம் மூடிய வாய்தான், அந்த ஆறு செடியைப் பற்றி அப்புறம் திறக்கவில்லை. அடுத்த வாரமே அவன் தகரச் சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பளபளவென்று எஃகுப் பலகைகளை நட்டான். பாத்திகளில் வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டினான். ஆறு சிவப்பு நூல்களும் கல்லுக்கு அடியில் போயின.

வீட்டில் அவள் கணவர், தையல்காரர், பித்தான் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "விடு. பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார்னு சொல்லுவாங்க."

"எனக்குக் காடே போதும்," என்றாள் அவள். "நான் தாவரவியல் படிச்சவ."

தையல்காரர் பல்லால் நூலைக் கடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த பித்தானை எடுத்தார்.

பாடநூல் குழு வருகிற நாள் வந்தது. தோட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் கையெழுத்துப் போட்டால் அந்தப் புத்தகம் எல்லாக் கல்லூரிக்கும் பாடநூல். அப்புறம் அவள் தலைகீழாக நின்றாலும் அந்தப் பன்னிரண்டு வருடம் அட்டையில் இருக்கிற இரண்டு பேருடையதுதான். பேரன் பேத்தி காலம்வரை அப்படித்தான்.

வந்தவர்கள் மூன்று பேர். தலைமை தாங்கியவர் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பேராசிரியை. கழுத்தில் நகைக்குப் பதிலாகக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கியது. கையில் புத்தகமும், கையெழுத்துப் போடவேண்டிய தாளும் வைத்திருந்தார்.

தலைவர் காலையிலேயே அவளுக்கு வேலை சொல்லியிருந்தார். "சர்க்கரைத் தட்டைத் தூக்கிட்டு என் பின்னாலயே வா. வாயைத் திறக்காதே." சர்க்கரைதான் அவருடைய பெரிய வித்தை. வருகிறவர்களுக்குச் சிறுகுறிஞ்சான் இலையை மெல்லக் கொடுத்து, பிறகு சர்க்கரையைக் கொடுப்பார். வாயில் மண் அள்ளிப் போட்டதுபோல இருக்கும். ஆச்சரியப்படாத விருந்தினர் இதுவரை இல்லை. முதலில் தானே இரண்டு இலை மென்று காட்டுவது அவர் வழக்கம்.

எஃகுப் பலகைகள் இருந்ததால் விரல் சொடுக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஒவ்வொன்றாக வாசித்து விளாசிக்கொண்டே வந்தார். பந்தலடியில் நின்றார். பலகையைப் பார்த்தார். "சிறுகுறிஞ்சான்! சர்க்கரையைக் கொல்லும் இலை!" என்று கையை விரித்தார். இரண்டு இலையைப் பறித்து வாயில் போட்டு மென்றார். மூன்று இலையைக் கிள்ளிக் குழுவினருக்கு நீட்டினார்.

அவர் தொண்டை ஏறி இறங்கும்வரை அவள் காத்திருந்தாள். அந்த இரண்டு விழுங்கலையும் கண்ணால் எண்ணினாள். மனதுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. பொய் சொல்வானேன்.

"மேடம், நீங்க யாரும் வாயில வைக்காதீங்க," என்றாள். "இது சிறுகுறிஞ்சான் இல்ல."

மூன்று கைகள் பாதியில் நின்றன. தலைவர் திரும்பிய வேகத்தில் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது.

"இவங்க தண்ணி ஊத்துறவங்க மேடம். கொஞ்ச நாளா மனசு சரியில்ல, கண்டுக்காதீங்க."

"சரியான இலைன்னா இன்னும் நாலு மெல்லுங்க சார்," என்றாள் அவள், தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி. "எனக்காக இல்ல. மேடத்துக்குச் சந்தேகம் வரக் கூடாதில்ல."

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். மருமகப்பிள்ளையும் பார்த்தான். மனிதருக்குப் பின்வாங்க வழியில்லை. நாலு இலையை உருவி வாயில் திணித்தார். முகம் கோணியது. அவள் மரியாதையாகத் தட்டை நீட்டினாள். அவர் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக்கொண்டார். அது நன்றாக இனித்திருக்கும். இனித்ததை அவரால் வெளியே சொல்ல முடியுமா?

"மண்ணு! அப்படியே மண்ணு மாதிரி இருக்கு!" என்றார், சிரிக்க முயன்றுகொண்டே.

பேராசிரியை சிரிக்கவில்லை. கையிலிருந்த இலையை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எதை வச்சும்மா சொல்றே?"

"சார் எழுதின புத்தகத்தை வச்சுத்தான் சொல்றேன் மேடம். ஒன்பதாம் பக்கம், கடைசிப் பத்தி."

பேராசிரியை புத்தகத்தை மருமகப்பிள்ளையிடம் நீட்டினார். "படிப்பா."

பாவம், தன் புத்தகத்தை அவன் முதல்முறையாகப் பிரித்தான். பள்ளிக்கூடத்துப் பையன்போல எழுத்துக்கூட்டிப் படித்தான்: "'காலில் சிவப்பு நூல் கட்டிய செடி பெயர்ச்சீட்டுக்கு உரியது அன்று. உரிய செடி குணமாகும்வரை பதிலுக்கு நிற்பது. இலையைப் பயன்படுத்தும் முன் நூலைப் பார்க்கவும்.'"

அவள் எழுதிக் கொடுத்ததைப் புள்ளி மாறாமல் அச்சடித்தவர்கள், என்ன அச்சடித்தோம் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஈயடிச்சான் காப்பி அடிக்கிறவன்கூட ஈயைக் கண்ணால் பார்த்திருப்பான்.

பேராசிரியை கொடியின் அடியில் குந்தினார். பேனாவால் வெள்ளைக் கல்லை விலக்கினார். மண் படிந்து, சாயம் போயிருந்தாலும், நூல் சிவப்பாகவே இருந்தது.

அவர் குந்திய இடத்திலிருந்தே தலைவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே எழுதினீங்க? சொல்லுங்க, இது என்ன கொடி?"

தலைவரின் நெற்றி வியர்த்துவிட்டது. பலகையைப் பார்த்தார். பலகை சிறுகுறிஞ்சான் என்றுதான் சொன்னது. அப்போது அவருடைய வலது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. விரல் சொடுக்கியது.

இரண்டடி பின்னால் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மறுபடி சொடுக்கியது. மூன்றாவது தடவை சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் சர்க்கரையில் ஏறிய எறும்பு ஒன்றை ஊதித் தள்ளினாள்.

"அந்தக் கை யாரைக் கூப்பிடுது?" என்றார் பேராசிரியை.

தலைவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது பதில் இல்லை. துளசிப் பாத்திக்கு ஓடி, வெள்ளைக் கூழாங்கல்மேல் குனிந்தார். காலையில் சாப்பிட்டது, தேநீர், ஆறு இலை, சர்க்கரை, எல்லாம் வந்தது. மருமகன் ஓடிப்போய் மாமனின் தலையைப் பிடித்துக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவன் தோட்டத்தில் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பேராசிரியை அவளைத் தனியே அழைத்தார். "உயிருக்கு ஆபத்து ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம். நஞ்சறுப்பான். ஒரு மணி நேரம் புரட்டும், அப்புறம் தானா அடங்கிடும். வெதுவெதுப்பா தண்ணி குடிச்சா போதும்." அவள் கொட்டகையைக் காட்டினாள். "நிஜமான சிறுகுறிஞ்சான் அங்க தொட்டியில இருக்கு. தேறிடுச்சு."

"தெரிஞ்சுகிட்டே அவரை மெல்ல விட்டே."

"ஆமா மேடம்," என்றாள். தலையைக் குனியவில்லை.

பேராசிரியை பேனாவை மூடினார். "நீ செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன். உன்மேல புகார் வந்தா நீதான் பதில் சொல்லணும்," என்றார். பிறகு கையெழுத்துப் போடாத தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "இந்தப் புத்தகத்துக்கு மூல நோட்டு எங்கேயாவது இருக்கா?"

"பன்னிரண்டு இருக்கு மேடம். முதல் நோட்டுல முதல் செடி நட்ட தேதியிலேருந்து எல்லாம் என் கையெழுத்துதான்."

"எடுத்துட்டு வா. உட்கார்ந்து பார்ப்போம்."

அவள் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள். துளசிப் பாத்தியைக் கடக்கும்போது ஒரு கை அவள் சேலை நுனியைப் பிடித்தது. தலைவர் மண்டியிட்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, உதடு நடுங்க, உயிர்ப் பயத்தோடு அவளை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன செடிம்மா அது?" என்றார். "பேரை மட்டும் சொல்லும்மா. டாக்டர்கிட்ட சொல்லணும். நான் பொழைப்பேனா?"

அவள் அவருடைய விரல்களைச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"பலகையில போட்டிருக்கே சார். படிச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு நோட்டு எடுக்கப் போனாள்.