எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

துக்கம் நடந்த வீட்டில் வருசம் திரும்புகிறவரை எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். காளவாசல் பக்கம் நல்லகாமன் குடியிருந்த தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சித்திரை முதல் தேதி எந்த வீட்டிலிருந்து வடை வாசம் வரவில்லையோ, அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் தாங்கள் சாப்பிடும் முன்பே பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அங்கிருந்து பதிலுக்கு எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு என்ன பாடு படுத்தும் என்பது யுத்த காலத்தில், ஒரு சித்திரையன்று தெரிந்தது.

நல்லகாமனின் மகன் சோணை பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் இருந்தான். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு தபாலும் இல்லை, கப்பலும் இல்லை. இருக்கிறானா, போய்விட்டானா என்று சொல்ல ஒரு நாதியில்லை. தல்லாகுளத்து ஆபீசுகளில் ஏறி இறங்கி நல்லகாமனுக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். தெருவில் முதலில் தினமும் விசாரித்தார்கள். பிறகு விசாரிப்பதை விட்டார்கள். அப்புறம் சோணையின் பெண்டாட்டி தங்கப்பொண்ணை வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் அழைப்பதையும் விட்டார்கள். அவளும் தாலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டு குனிந்தபடி நடக்கப் பழகிவிட்டாள்.

மாமியார் ராமக்காளுக்குத்தான் இது பொறுக்கவில்லை. பொங்கலிலிருந்தே கொஞ்சம் உளுந்தை யார் கண்ணிலும் படாமல் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"இந்த வருசம் தெருமுனை வரைக்கும் வடை வாசம் போகணும். எம்மகன் இருக்கான்னு இவளுகளுக்கு வேற எப்படிச் சொல்றது?" என்று விடியுமுன்பே புருசனை எழுப்பித் தூக்குவாளியைக் கையில் கொடுத்தாள். "எண்ணெயோட வாங்க. எங்கயும் நின்னு சண்டை போடாதீக."

சண்டை போடாமல் நல்லகாமனால் எங்கும் போய்வர முடியாது. செங்கல் வண்டி ஓட்டுகிறவன்; மாட்டிடம் பேசுகிற குரலில்தான் மனிதர்களிடமும் பேசுவான். எண்ணெய்க்கடை வரிசையில் வெயில் ஏறும்வரை நின்று அவன் முறை வந்தபோது, கடைக்காரர் பாதுஷா கையை விரித்தார்.

"அல்லா அறிய ஒரு சொட்டு இல்லண்ணே. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வந்தா எம்மகன் செத்துருவான்யா!" என்று கத்தினான் நல்லகாமன்.

பாதுஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பாவம், கவிழ்த்து வைத்திருந்த டின்னை எடுத்து உதறிக்கூடக் காட்டினார். நல்லகாமன் வேறு கடைகளுக்கு ஓடினான். எங்கும் இதே கதை. அக்கம்பக்கத்தில் கேட்கலாமென்றால், நாள் கிழமையில் எண்ணெயை யாரும் இரவல் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. உச்சிப்பொழுதில் வெறும் வாளியோடு வீட்டுக்குள் நுழைந்தான். ஆட்டி வைத்த உளுந்து மாவு வெயிலில் பொங்கிக்கொண்டிருந்தது. ராமக்காள் வாளியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெல்லம் போட்டுப் பாயசம் மட்டும் வைத்து இறக்கினாள். அதற்கு ஏது தெருமுனை வரை போகிற வாசம்?

சற்று நேரத்தில் எதிர்வீட்டு ஒச்சம்மாள் இலை மூடிய தட்டோடு உள்ளே வந்தாள். தட்டில் வடை. அவள் கண் கலங்கியிருந்தது.

"மதினி, இப்பவாச்சும் மனசைத் தேத்திக்கிட்டீகளே. அது போதும்."

"என்னத்தைடி தேத்திக்கிட்டேன்? கடையில எண்ணெய் இல்லடி! மாவு ஆட்டி வச்சிருக்கேன், வந்து பாரு!"

"சரி மதினி, சரி" என்றாள் ஒச்சம்மாள், காய்ச்சலில் பிதற்றுகிறவர்களிடம் சொல்வதுபோல.

ராமக்காள் ஓடிப்போய் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தா, ஒரு வாய் குடி. எம்மகன் இருக்கிற வீட்டுப் பாயசம். குடிச்சிட்டுப் போ."

ஒச்சம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இந்த வருசம் உங்க வீட்டுல வாங்கக்கூடாது மதினி. தப்பா எடுத்துக்கிறாதீக." தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தங்கப்பொண்ணு நின்ற பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

ஒரு வீட்டிலிருந்து வந்தால் போதாதா? ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தியும் பாயசத்தைத் தொடவில்லை. எண்ணெய்க்கு அவ்வளவு பஞ்சமிருந்தும் தங்கள் வீட்டுக்கென்று சேமித்ததில் சுட்ட வடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். யாரிடம் கோபித்துக்கொள்வது?

"ஒருத்தரும் தட்டுல கை வைக்கக் கூடாது" என்றாள் ராமக்காள். "வச்சா எம்மகன் இல்லைன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

"எவன் தின்பான் இவளுக வடையை?" என்று துள்ளினான் நல்லகாமன். "எம்புட்டுத் திமிரு! எம்மகன் நாளைக்கு வந்து நிப்பான், அன்னைக்கு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறாளுகன்னு பாக்குறேன்!" தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தெருவையே திட்டித் தீர்த்தான். தெருவை முடித்து, ஜப்பான்காரனைத் திட்டினான், வெள்ளைக்காரனைத் திட்டினான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கை எப்போது தட்டுக்குப் போனது என்று அவனுக்கே தெரியாது. ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டு மென்றுகொண்டே திட்டினான்.

வீடு சத்தமில்லாமல் போனதைக் கவனித்துத்தான் நிறுத்தினான். ராமக்காள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு தங்கப்பொண்ணு அவனையே பார்த்தாள். ஊரே கைவிட்டபோதும் இவர் ஒருத்தர் நம்புகிறார் என்று இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தவள். மெதுவாக வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொண்ணு வைக்கட்டா மாமா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். வாய் நிறைய வடை இருந்தது.